உறைக்காரனின் நீல ஒயர்

கார் சீட்டுக்கு உறை தைக்கிறவனிடம் ஒரு காரைக் கொடுத்துவிட்டு, "சீட்டைத் தொடக் கூடாது" என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று மாமனாருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொன்னார். அந்த மனுஷர் அப்படித்தான்.

அவனுக்கு உறைக்காரன் என்றே பேர் நிலைத்துவிட்டது. தொழில் கார் சீட்டோடு சரி, ஆனால் தொழிலோடு நிறுத்திக்கொள்கிற ஆளா அவன்? வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்கு இடுப்பில் சுருக்கம் வைத்துப் பாவாடை மாதிரி ஓர் உறை. ஒருநாள் அவன் மனைவி மிக்சியைத் தேடி அரைமணி நேரம் சமையலறையைப் புரட்டிப் போட்டாள். அது அவள் மூக்குக்கு நேரே, கட்டம் போட்ட துணிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மாமனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எல்லோருக்கும் வாத்தியார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரியாத்தனமாகத் தன் ஸ்கூட்டரை மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்தார். திரும்பி வந்தபோது ஸ்கூட்டருக்கு மெரூன் கலரில் புது சீட்டு, ஓரத்தில் வெள்ளைப் பட்டி, இரண்டு கைப்பிடியிலும் தொங்கத் தொங்கக் குஞ்சலம். அதில் ஏறி அவர் ஸ்கூலுக்குப் போனபோது, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

அதனால்தான் தன் பழைய காரைக் கொடுக்கும்போது கறாராக இருந்தார்.

"மாப்ள, ஆறு மாசம் வச்சு ஓட்டுங்க. ஆறாவது மாசம் கடைசி சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து பார்ப்பேன். கொடுத்தது கொடுத்தபடி இருந்தா அங்கேயே கையெழுத்துப் போட்டு வண்டியை உங்க பேருக்கு மாத்திடறேன். ஒரு உறை, ஒரு குஞ்சலம், ஒரு திருகாணி புதுசா இருந்துச்சோ, வண்டி என்கூடவே திரும்பிடும்."

"சரிங்க மாமா."

"சீட்டு?"

"தொட மாட்டேங்க மாமா."

"ஸ்டியரிங்?"

"தொட மாட்டேங்க."

"கியர் தலை?"

இங்கே அவன் கொஞ்சம் தயங்கினான். கியர் தலைக்கு வட்டமாக ஒரு குல்லா அவன் மனசுக்குள் ஏற்கெனவே பாதி தைத்தாகிவிட்டது.

"மாப்ள?"

"தொட மாட்டேங்க மாமா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

சும்மா சொல்லக் கூடாது, கிட்டத்தட்ட ஆறு மாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் இருந்தது. நாற்பது வண்டி வைத்திருக்கிற ஒரு டாக்சி கம்பெனி, நாற்பதுக்கும் உறை தைக்கும் வேலையை அவனுக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. வண்டிகள் ஓடிக்கொண்டே இருப்பதால் அவன் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். அவன்தான் தையல் மெஷின், ரெக்சின் சுருள், ஸ்பாஞ்சு, அவற்றோடு மனைவியையும் ஏற்றிக்கொண்டு தினமும் அவர்கள் ஷெட்டுக்கு வர வேண்டும். வருகிற திங்கட்கிழமை ஆரம்பம். தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக முடியுமா? கார் இருந்தால் அந்த வேலை உண்டு, கார் இல்லையென்றால் இல்லை. கடையிலோ வேலை மந்தம். இதை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்டவன் வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம் இல்லையா? இருந்தால் அவன் உறைக்காரன் இல்லையே!

கார் ஆடியோ கடை வைத்திருக்கிற ஒருவர் தன் வேனுக்கு உறை தைக்க வந்திருந்தார். தையலைத் தடவிப் பார்த்துச் சொக்கிப்போய், வேனின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். செங்கல் இரண்டைச் சேர்த்து வைத்த அளவு, மேலெல்லாம் வரிவரியாகத் தகடு.

"பழசுதான், ஆனா சிங்கம். உங்க வண்டில மாட்டிப் பாருங்க, பக்கத்துத் தெரு ஜன்னல் எல்லாம் ஆடும்."

உறைக்காரன் மனசுக்குள் ஒரு வழக்காடுமன்றமே நடந்தது. இது உறையா? இல்லை. குஞ்சலமா? இல்லை. திருகாணியா? நாலு திருகாணி வரும்தான், ஆனால் உள்ளே இருக்கிற திருகாணியை யார் எண்ணப் போகிறார்கள்? கண்ணில் படாதது மாற்றம் ஆகுமா? ஆகாது என்று அவனே தீர்ப்புச் சொல்லி அவனே விடுதலையும் ஆகிவிட்டான்.

மனைவியாவது தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவள், ரேடியோவில் செய்தி மட்டுமே, அதுவும் எறும்பு பேசுகிற சத்தத்தில் மட்டுமே ஓடுகிற வீட்டில் வளர்ந்தவள்.

"சத்தம் நல்லா வருமா?" என்று கேட்டாள்.

"பிச்சு உதறும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியவே தெரியாது."

"அப்ப சரி, சீக்கிரம் மாட்டுங்க."

அப்புறம் என்ன! வெள்ளிக்கிழமை காலையிலேயே கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் காரோடு முற்றத்தில் இறங்கிவிட்டார்கள். ஆடியோ கடைக்காரர் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"முதல்ல பேட்டரில நெகட்டிவைக் கழட்டிடுங்க. தடி சிவப்பு ஒயர் பேட்டரிக்கு. பேட்டரிலருந்து ஒரு ஜாண் தள்ளி ஃபியூஸ் கட்டாயம் போடணும், இல்லேன்னா ஒயர் எங்கயாவது உரசினா நெருப்புதான். கறுப்பு ஒயரை வண்டி பாடில பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளபளன்னு தெரியற இடத்துல முடுக்கிடுங்க. முன்னாடி இருக்கற சின்ன ஸ்பீக்கர் ரெண்டும் அப்படியே இருக்கட்டும். பின்னாடி ரெண்டை மட்டும் ஆம்ப்ளிஃபயர்ல கொடுங்க. கடைசியா ஒரு ஒல்லி நீல ஒயர். அதுதான் ஆம்ப்ளிஃபயரை எழுப்பி விடறது. ரேடியோ செட்டை ஆன் பண்ணா அதுல கரன்ட் வரணும், ஆஃப் பண்ணா போகணும்."

"அதை எதோட சேர்க்கணும்?"

"செட்டுக்குப் பின்னாடி இதே மாதிரி நீல ஒயர் இருந்தா அதோட. பழைய செட்டுல இருக்காது. அப்படி இல்லேன்னா சாவி போட்டா கரன்ட் வர்ற ஒயரா பார்த்து, டெஸ்ட் லைட் வச்சுச் சரிபார்த்துச் சேருங்க. டெஸ்ட் லைட் இருக்கில்ல?"

"இருக்கு இருக்கு" என்றான். இல்லை. அவன் பெட்டியில் கத்தரி இருந்தது, ஊசி இருந்தது, சாக்குக்கட்டி இருந்தது, பதினேழு நீலத்தில் நூல் இருந்தது. டெஸ்ட் லைட் மட்டும் இல்லை.

வேலையை அவன் செய்த அழகைச் சொல்ல வேண்டும். தடிச் சிவப்பு ஒயரை அப்படியே போட மனசு வரவில்லை. கறுப்புத் துணி நாடாவைச் சுற்றி, கம்பெனியிலிருந்தே வந்த ஒயர்களின் கட்டோடு சேர்த்து, ஃபியூஸ் கூட்டுக்கும் ஒரு சட்டை போட்டு, என்ஜின் பக்கம் பார்த்தால் புதிதாக ஒன்றுமே தெரியாதபடி செய்துவிட்டான். கார்ப்பெட் ஓரத்தைப் பிரித்து அடியில் ஒயரை ஓட்டி, மறுபடி பழைய துளைகளிலேயே ஊசி விட்டுத் தைத்தான். டிக்கியில் ஆம்ப்ளிஃபயரை முடுக்கி, அதன்மேல் பலகை வைத்து, பலகைக்குக் காரின் சாம்பல் நிறத் துணியிலேயே உறை தைத்து, தையலே தெரியாமல் சுற்றிலும் மூடினான். அவனைப் பெற்றவளே வந்து பார்த்தாலும் அங்கே ஒன்று இருக்கிறதென்று கண்டுபிடிக்க மாட்டாள்.

மிச்சம் அந்த ஒல்லி நீல ஒயர். செட்டைக் கழற்றிப் பார்த்தான், அதில் நீலம் இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பச்சைக் கோடு போட்டது, எல்லாம் இருந்தது, நீலம் மட்டும் இல்லை. டிக்கிக்கு வந்து பின்விளக்குக்குப் பக்கத்தில் போகிற கட்டைப் பிரித்தான். அடடா! அங்கே இருந்தது ஒரு நீலம்.

வேறு யாராவது இருந்தால், நீலமாக இருந்தால் மட்டும் போதுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். இவன் தையல்காரன். துணிக்கு நூல் தேடும்போது வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நிறம் ஒட்டினால் அதுதான் சரியான நூல் என்று பத்துப் பதினைந்து வருஷமாகப் பழகினவன். இரண்டு ஒயரையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தான். கண்ணைச் சுருக்கினான்.

"இங்க பாரு! ஒரே சாயத்துல முக்கி எடுத்த மாதிரி இல்ல?"

மனைவியும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளும் அதே கடையில்தானே துணி வெட்டுகிறாள். "அச்சு அசல்" என்றாள்.

சேர்த்தான், நாடா சுற்றினான், தைத்து மூடினான். அது பிரேக் விளக்குக்குப் போகிற ஒயர். பிரேக்கை மிதித்தால் மட்டும்தான் அதில் கரன்ட் வரும். பாவம், அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

சோதித்துப் பார்த்தபோதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, ஏனென்றால் முற்றம் சரிவு. அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் உறைக்காரனின் கால் தானாகவே பிரேக்மேல் போய்விடும், மனைவி வந்து சக்கரத்துக்கு அடியில் கல்லை வைக்கும்வரை எடுக்க மாட்டான். அப்படி மிதித்துக்கொண்டே செட்டைப் போட்டான். ஒரு குத்துப்பாட்டு வந்தது. வந்ததா? இடிந்து விழுந்தது! பின்சீட்டில் இருந்த மனைவியின் வளையல்கள் தானாகக் குலுங்கின. "ஐயோ! ஐயோ!" என்று கத்திக் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே ஆடினாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக நமைச்சல் எடுத்த கைக்கு அன்றுதான் ஆறுதல். பாட்டு முடிந்ததும் செட்டை அணைத்தான், அவள் கல்லை வைத்தாள், அவன் காலை எடுத்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மாமனார் வருவதற்குள் டயருக்குக் காற்றடித்து வரலாம் என்று கிளம்பினான். செட்டைப் போட்டால் முன்பக்கம் மட்டும் சன்னமாகப் பாடுகிறது. பின்னால் சத்தமே இல்லை. ஒயர் ஏதாவது விட்டுப்போச்சா என்று யோசித்தபடி சிக்னலில் நிறுத்தினான். டமார்! முதுகுக்குப் பின்னால் இருந்து ஒருத்தி உச்சஸ்தாயியில் காதலனைக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் சைக்கிளோடு சாய்ந்தார். பச்சை விழுந்தது, காலை எடுத்தான், 'டப்' என்று அடங்கியது. அடுத்த திருப்பத்தில் பிரேக், மறுபடி டமார். காலை எடுத்தால் டப்.

மூன்றாவது டமாரில் அவனுக்குப் புரிந்துவிட்டது. நாசமாப் போச்சு! அந்த நீலம் பிரேக் நீலம்!

தையலைப் பிரிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனால் ஃபியூஸைப் பிடுங்க ஒரு நொடி போதும். வீட்டுக்குப் போனதும் பானெட்டைத் திறந்து, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மனசு கொஞ்சம் லேசாகி, முடிந்த அளவு பிரேக்கைத் தொடாமல் வீடு வந்து சேர்ந்தான்.

வாசலில் வாத்தியார் நின்றிருந்தார். கையில் அட்டை, அட்டையில் தாள், காதில் பேனா.

"மாமா! பத்து மணின்னு சொன்னீங்க?"

"பத்து மணின்னா ஒன்பதரைக்கு வந்தாத்தான் பத்து மணி. இறங்குங்க மாப்ள, பானெட்டைத் திறங்க."

திறந்தான். வாத்தியார் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாளில் டிக் அடித்தார். கட்டிப்போட்ட ஒயரின் மேல் அவர் பார்வை போனது, வந்தது, மறுபடி போனது. ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆபத்திலும் உறைக்காரனுக்கு ஓரமாகக் கொஞ்சம் பெருமை வந்தது. மெல்லக் கையை நீட்டினான்.

"என்ன பண்றீங்க?"

"தூசி மாமா. துடைக்கலாம்னு."

"கையை எடுங்க. டெஸ்ட் நடக்கும்போது யாரும் எதையும் தொடக் கூடாது. என்கிட்ட படிக்க வர்றவங்களுக்கும் அதான், உங்களுக்கும் அதான்." பானெட்டை அவரே மூடினார். சீட்டைத் தடவினார், டிக். கியர் தலையைத் திருகினார், டிக். டிக்கியைத் திறந்து, மூடி, டிக். முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. "பரவாயில்லையே மாப்ள! உங்களை என்னமோன்னு நினைச்சேன். வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுடலாம்."

மனைவி வெளியே வந்தாள். அவளை ஓரம் கட்டி அவன் காதில் நாலு வார்த்தை சொன்னான். அவள் ஓடிப்போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வாத்தியார் வண்டியை எடுத்தார். எடுத்ததும் செட்டின் பித்தானைத் தட்டினார்.

"செட்டு எதுக்கு மாமா இப்ப?"

"தாள்ல இருக்கே. செட்டு ஒண்ணு, ஸ்பீக்கர் நாலு." செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கத்திலிருந்து ஒருவர் எறும்புக் குரலில் ஏதோ வாசித்தார். "பின்னாடி சத்தம் வருதாம்மா?"

"ஜோரா வருதுப்பா" என்றாள் மகள், சத்தமே இல்லாத ஸ்பீக்கர்மேல் கையை வைத்துக்கொண்டு. டிக்.

உறைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். இப்போது இவர் காலை எங்கே வைக்கப் போகிறார்? ஆனால் ஒன்றை அவன் மறந்துவிட்டான். வாத்தியாருக்குப் பிரேக் என்றாலே பிடிக்காது. முப்பது வருஷமாக அவர் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான்: "தூரத்தில் பார்க்கத் தெரியாதவன்தான் பிரேக்கைத் தேடுவான்." வேகத்தடை வந்தது. வாத்தியார் எப்போதோ கியரைக் குறைத்திருந்தார், வண்டி பூனை மாதிரி ஏறி இறங்கியது. சிவப்பு சிக்னல் வந்தது. நூறு மீட்டருக்கு முன்னாலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியை உருளவிட்டார். போய்ச் சேரவும் பச்சை விழவும் சரியாக இருந்தது. உறைக்காரனுக்கு அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. மாமனார்மேல் இவ்வளவு மரியாதை அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அப்போதுதான் சந்து ஒன்றிலிருந்து ஓர் ஆள் நீள ஏணியோடு தெருவைக் கடந்தார். கடந்தவர் எதையோ மறந்துவிட்டவர்போல நடுத்தெருவில் அப்படியே திரும்பினார். ஏணியும் அவரோடு திரும்பியது. வாத்தியார் வேறு வழியில்லாமல் மிதித்தார்.

"கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று!" என்று பின்சீட்டிலிருந்து ஓர் அசுரக் குரல் முழங்கியது.

வாத்தியார் துள்ளினார். "என்ன அது?"

"கடலோரப் பகுதிகளில் பலத்த காற்றுப்பா!" என்று மகள் தொண்டை கிழியக் கத்தினாள். "செய்தில சொன்னாங்க. நானும் சொன்னேன்."

"ஆம்பளை குரல் மாதிரி இருந்துச்சே?"

"தொண்டை கட்டிடுச்சுப்பா. ராத்திரிலருந்து ஒரே கரகரப்பு." இருமிக் காட்டினாள்.

"அதுக்கு எதுக்கும்மா இந்தக் கத்து கத்துற? உனக்கு என்ன ஆச்சு?" வாத்தியார் கண்ணாடியில் மகளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினார். உறைக்காரன் கையை மெல்ல செட்டுப் பக்கம் கொண்டுபோனான். பட்டென்று ஒரு தட்டு விழுந்தது. "டெஸ்ட் நடக்குது மாப்ள."

அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு கார் பின்பக்கமாக வந்து, தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஜன்னல் இறங்கியது. "சார்! நீங்களா! என்னை ஞாபகம் இருக்கா? எட்டுக்கூட ஒழுங்கா போடத் தெரியாம மூணு தடவை ஃபெயில் ஆனேனே!" வாத்தியாரிடம் படித்த அம்மாள். நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு நலம் விசாரிக்கிறாள்! வாத்தியார் மிதித்த கால் மிதித்தபடி.

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்! வெங்காய விலை தொடர்ந்து உயர்ந்து வருகிறது! இது குறித்து அமைச்சர் கூறியதாவது!"

"மீனவர்கள்... வெங்காயம்... அமைச்சர்..." என்று மகள் அந்தக் குரலின் பின்னாலேயே ஓடிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. வெங்காயத்தோடு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. செய்தி வாசிக்கிறவரோ மூச்சே விடாத மனுஷர். அந்த அம்மாள் மிரண்டுபோய், "சார், ரொம்ப பிசியா இருக்கீங்க போல" என்று அவசரமாக முன்னுக்குப் போய் வழிவிட்டாள்.

வாத்தியார் ஆள் நடமாட்டமில்லாத நீளத் தெருவுக்கு வண்டியைத் திருப்பினார். லேசாக மிதித்தார். "அமைச்" என்றது பின்சீட்டு. காலை எடுத்தார். டப். மிதித்தார். "நாளை மறு". டப். மிதித்தார். "விளையாட்டு". டப். பிறகு ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, பேனாவைக் காதில் சொருகினார்.

"மாப்ள."

அவனுக்குத் திங்கட்கிழமை, நாற்பது கார், தையல் மெஷின் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. மறைத்து என்ன பிரயோஜனம்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், டெஸ்ட் லைட் இல்லாதது, வாசல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தது.

"தப்புதாங்க மாமா. கை சும்மா இருக்கல. ஆனா இந்த வண்டி இல்லேன்னா திங்கக்கிழமை வேலை போயிடும். அது போனா எனக்கு வேற வழி தெரியல மாமா."

"நானும்தான்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்" என்றாள் மகள், இப்போது நிஜமாகவே கட்டிப்போன தொண்டையில். "திட்டுறதா இருந்தா ரெண்டு பேரையும் திட்டுங்க."

வாத்தியார் காதிலிருந்து பேனாவை எடுத்து அட்டைமேல் வைத்தார்.

"இந்த வண்டியை உங்களுக்குத் தர்றதா இல்லை" என்றார்.

உறைக்காரன் தலை தொங்கிவிட்டது.

"இது எனக்கு வேணும்."

"என்னங்க மாமா?"

வாத்தியார் திரும்பி உட்கார்ந்தார். முகம் ஜொலித்தது. "முப்பது வருஷமா கத்துறேன் மாப்ள! ஒரு காய்ஞ்ச இலை பறந்தா பிரேக், நிழலைப் பார்த்தா பிரேக். ஏன்டா மிதிச்சன்னு கேட்டா, 'நான் மிதிக்கவே இல்லையே சார்'னு சாதிக்கிறானுங்க. இனிமே கத்தினா குரலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப பாருங்க, மிதிச்சவன் காதுக்குப் பின்னாடியே செய்தி வாசிக்கிறவர் கத்துறார்! ஒரே நாள்ல ஒருத்தனும் பிரேக்கைத் தொட மாட்டான். இதை யோசிச்சுச் செஞ்சிருந்தா உங்களுக்கு மாலையே போட்டிருப்பேன். யோசிக்காம செஞ்சிருக்கீங்க. சரி, போகட்டும்."

"அப்ப எங்க வேலைப்பா?" என்று மகள் கரகரத்தாள்.

"என் மக வேலை கெட விட்டுடுவேனா? ஸ்கூல் வண்டியை நீங்க எடுத்துக்குங்க. இதைவிட ரெண்டு வருஷம் புதுசு. இன்னிக்கே கையெழுத்து. சீட்டு, கியர் தலை, என்ன வேணா பண்ணிக்குங்க மாப்ள, குல்லா கூடப் போடுங்க. நான் கேட்கவே மாட்டேன்."

கையெழுத்து விழுந்தது. உறைக்காரன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது அவனுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாலு சீட்டுக்கும் வெல்வெட் உறை, கியர் தலைக்குக் குல்லா, கண்ணாடிக்குக் குஞ்சலம் என்று ஆறு மாசத்துப் பசியை ஒரே மூச்சில் தீர்த்துக்கொண்டான். அவசரத்தில் ஒன்றை மட்டும் அவன் கவனிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில், பக்கத்தில் உட்காருகிற வாத்தியாருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும்.

திங்கட்கிழமை காலை, பின்னால் தையல் மெஷின், ரெக்சின் சுருள், ஸ்பாஞ்சு எல்லாம் ஏற்றிக்கொண்டு, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ராஜா மாதிரி கிளம்பினான். முதல் திருப்பத்தில் வண்டி சடக்கென்று நின்றது. இரண்டாவது திருப்பத்திலும் நின்றது. வளைவில்லாத நேர்த்தெருவில், எதிரே ஒரு கோழிகூட இல்லாதபோது மறுபடி நின்றதும்தான் அவன் குனிந்து பார்த்தான். மனைவியின் செருப்புக் கால் அந்தப் பிரேக்மேல் வாகாக உட்கார்ந்திருந்தது.

"ஏய், யார் வண்டி ஓட்டுறது?"

"நீங்கதான்."

"அப்புறம் எதுக்கு மிதிக்கிற?"

"வேகமா போறீங்க."

"இருபதுலதான் போறேன்!"

"அதான் சொல்றேன்" என்றாள் அவள். "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

காலை மட்டும் எடுக்கவில்லை.